தொடர்நாடகமும் ஐவகைச் சந்தியும்

முத்தமிழை எண்ணும்போது நாடகத்தை இறுதிக்கண் வைத்த நம் முன்னோர், அதனைக் கடைப்பட்டதெனக் கருதி அங்ஙனம் செய்தாரல்லர். இயலும் இசையும் வந்து கூடிய பின்னரே நாடகம் பிறக்கும் என்பதுபற்றியே அவ்வாறு வைத்தனர். ஆயினும் கற்றோர் நாடகத்தை இழித்து நோக்கிய காலம் ஒன்று நம்மிடையே நெடிது நிலவியது. மட்டக்களப்பு நாட்டின் ஊர்கள்தோறும் வட்டக்களரியில் விடியவிடிய ஆடப்பெற்ற வடமோடிக் கூத்தும் தென்மோடிக் கூத்தும் படிப்பறியாதாரின் பொழுதுபோக்கென ஒதுக்கப்பட்டன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் 1962ஆம் ஆண்டிலே 'கர்ணன் போர்' நாடகத்தையும், அதன்பின் 'இராவணேசன்' நாடகத்தையும் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றிய பின்னரே, அண்ணாவிமாரின் கலை கற்றோரால் கலையென ஏற்கப்பட்டது. ஊரார் அதனை முன்னரே அறிந்திருந்தனர் என்பது வேறு.

அன்று கூத்தின்மேல் வீசப்பட்ட ஏளனம் இன்று தொலைக்காட்சித் தொடர்நாடகத்தின்மேல் வீசப்படுகின்றது. 'பெண்டிரின் கண்ணீர்க் கதை' என்று கூறி ஆசிரியர் ஓய்வறைகளில் நகைக்கும் ஆடவர் பலர். நகைப்போர்க்கு முதல்நாள் இரவின் கதை பிழையின்றித் தெரிந்திருப்பதுதான் வியப்பு. ஏளனம் எளிது, திறனாய்வோ அன்று. வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், மாலை விளக்கேற்றிய பின்னர் இரவு பத்து மணிவரை பல இல்லங்களில் ஒலிப்பது சென்னையிலே படம்பிடிக்கப்பெற்ற தொடர்நாடகங்களின் குரலே. நம் மாணவர் எவ்வாறு பேசுகின்றனர், எதனைக் குடும்பம் என்று எண்ணுகின்றனர், பெண்ணுக்கு எது பெருமையெனக் கொள்கின்றனர் என்பவற்றை உருவாக்குவதில் பாடநூலுக்கு அடுத்த இடம் அவற்றுக்கு உண்டு; சிலபோது முதலிடமும் உண்டு. ஆகவே நாடகத்தை அளக்கும் கோலாலேயே அவற்றையும் அளந்து பார்த்தல் வேண்டும்.

அக்கோல் நம்மிடம் உண்டு. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதைக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார், நாடகக் கதையின் வளர்ச்சியை முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் நெற்பயிரின் ஒரு நிலைக்கு ஒப்பிட்டார். உழுது பண்படுத்திய புழுதியில் வித்து முளைப்பது முகம்; முளை இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம்; நாற்று வளர்ந்து உள்ளே கரு முற்றி நிற்பது கருப்பம்; கதிர் திரண்டு தலைசாய்ந்து முதிர்வது விளைவு; அறுத்துப் போரிட்டுக் கடாவிட்டுத் தூற்றிக் கொண்டுபோய் உண்டு மகிழ்வது துய்த்தல். காரைதீவு தந்த விபுலாநந்த அடிகள் 1926இல் வெளிவந்த தமது 'மதங்கசூளாமணி'யில் இப்பகுப்பைக் கைக்கொண்டே செகசிற்பியாரின் நாடகங்களை ஆராய்ந்தார். வயலின் நடுவே பிறந்த ஒருவருக்கு இவ்வுவமை புத்தகத்து உவமையாகத் தோன்றியிராது. வெள்ளாமை வெட்டிச் சூடு வைக்கும் நம் ஊரவர் எவரும், எழுத்தறியாதவராயினும், இதன் பொருளை ஒரு நொடியில் உணர்வர்.

இக்கோல்கொண்டு நோக்குமிடத்து, தமிழ்த் தொடர்நாடகத்தின் குறை அதன் நடுவில் இல்லை. இரு நுனிகளில் உள்ளது என்பதே யான் கண்டது. முளைக்கும் மண்ணும் அதற்குச் சொந்தமன்று. அறுவடையும் அதற்கு வாய்ப்பதில்லை. நடுவணதாகிய நாற்றும் கருவும் பலபோது செழித்தே நிற்கின்றன. அந்தச் செழிப்பே நம்மை ஆண்டுக்கணக்கில் வரம்பிலே அமர்த்திவிடுகின்றது.

செழிப்பை முதலிற் கூறுதல் நடுவுநிலையாகும். 2002ஆம் ஆண்டு தொடங்கி 2005ஆம் ஆண்டுவரை ஒளிபரப்பான 'மெட்டி ஒலி'யை எடுத்துக்கொள்க. தாயை இழந்த ஐந்து மகளிரை மணமுடித்துக் கொடுக்க ஒரு தந்தை படும் பாடு, அவருள் ஒருத்தி புகுந்த வீட்டில் கணவனிடமும் மாமியாரிடமும் படும் துயர், இவ்வளவே கதை. இயக்குநர் திருமுருகன் மாளிகை எதனையும் கட்டவில்லை. சமையற்கட்டு, திண்ணை, துணி உலர்த்தும் இடம் ஆகியவற்றிலேயே மக்களை நடமாடவிட்டார். தந்தையாக நடித்த டெல்லி குமார், மகளின் வீட்டு வாயிலிலே உட்புகலாமோ புகலாகாதோ எனத் தயங்கி நிற்கும் நிலை, மெய்ப்பாட்டியல் கற்பிக்கும் ஆசிரியருக்கு நல்ல எடுத்துக்காட்டு. அழுகை என்னும் சுவைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் வகுத்தார். அந்நான்கும் அந்த ஒரு முதியவரிடம் அடுத்தடுத்துத் தோன்றின. இத்தகைய நுண்மையைப் பெண்டிரின் கண்ணீர்க் கதை என்று தள்ளுவோர், தம் வீட்டிலே அத்தகைய முதியவர் ஒருவர் இருந்ததை மறந்தவராதல் வேண்டும்.

இனி அறுவடைக்கு வருவோம்.

தொடர் நீண்டிருப்பது தவறு என்று பலரும் கூறுவர். அஃது எனக்கு உடன்பாடன்று. நீளம் நமக்குப் புதிதன்று. வைகாசித் திங்களிலே நம் நாட்டுக் கண்ணகி கோயில்களில் கதவு திறந்த நாள்முதல் 'கண்ணகி வழக்குரை' நாள்தோறும் பகுதி பகுதியாகப் பாடப்படுகின்றது. கப்பல் வைத்த காதை, கலியாணக் காதை, கொலைக்களக் காதை எனக் கதை இரவுக்கு இரவு வளர்கின்றது. தொடர்நாடகத்தை நாம் தொலைக்காட்சியிடம் கற்றோம் என்பார், இந்த வழக்கத்தை நோக்குவாராக. கேட்போர் அனைவருக்கும் முடிவு தெரியும். முடிவு தெரிந்திருந்தும் அடுத்தநாள் வருவர். ஏனெனில், முடிவு வரும் என்னும் உறுதி அங்கே உண்டு. வழக்குரைத்த காதையிலே சினம் உச்சம் எய்தும், இறுதிநாளிலே குளிர்த்தி நிகழும், எரிந்தது ஆறும். அந்தக் குளிர்த்தி இன்றேல் முன்னைய நாள்களின் துயர் அனைத்தும் கேட்டோர் நெஞ்சில் ஆறாத புண்ணாகவே தங்கிவிடும். கூத்தும் அவ்வாறே. 'கர்ணன் போர்' பார்க்கச் சென்றவர் நடுச்சாமத்தில் கண்ணயரலாம். கர்ணன் வீழும் நேரத்தில் அருகிலிருப்பவர் எழுப்பிவிடுவார்.

தொடர்நாடகத்தில் எவரும் எவரையும் எழுப்ப வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நம் நாட்டிலே நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு இருந்தது. மாலைத் தொடர்களைக் கிழமைக்கணக்காகக் காணாதோர் பலர். மின் மீண்டபோது அவர்களுட் பலரிடம் வினவினேன். கதையில் எதனையும் இழந்ததாக ஒருவரும் கூறவில்லை. விட்ட இடத்திலேயே ஒருத்தி கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். திறனாய்வாளர் எழுதக்கூடிய எந்தக் கண்டனத்தினும் இது வலிது.

இதற்குக் காரணம் எழுதுவோரின் திறமைக் குறைவன்று, தொழிலின் அமைப்பு. 1930களில் அமெரிக்க வானொலியிலே சவர்க்காரம் விற்போரின் பொருளுதவியால் வளர்ந்த பகல்நேரத் தொடர்கள் 'சோப்' நாடகம் எனப் பெயர்பெற்றன. விளம்பரம் நிற்கும்வரை கதையும் நிற்கும் என்பதே அவற்றின் இலக்கணம். இலத்தீன் அமெரிக்க நாடுகளிலோ வேறொரு மரபு தோன்றியது. அங்கே தொடர் சில திங்களில் முடிவு காணும். முடிவு நாளன்று ஊர் முழுதும் அமர்ந்து பார்க்கும். இந்தியாவின் முதற் பெருந்தொடராகிய 'ஹம் லோக்' 1984இல் தூர்தர்ஷனில் தொடங்கியபோது மெக்சிக்கோ நாட்டு மரபையே முன்மாதிரியாகக் கொண்டது. மறு ஆண்டே நிறைவுற்றது. 1987 சனவரியில் தொடங்கிய இராமானந்த சாகரின் 'இராமாயண'மும் 78 பகுதிகளில் முடிந்தது. நல்ல மரபு கைக்கு வந்தும் நழுவியது. தனியார் ஒளிபரப்பு வளர்ந்தபின், கிழமைதோறும் வெளிவரும் பார்வையாளர் கணக்கே கதாசிரியருக்கு அண்ணாவியாராயிற்று. கணக்கு உயர்ந்தால் கதை நீளும். தாழ்ந்தால் ஒரே கிழமையில் திருமணம், மன்னிப்பு, மங்களம் எல்லாம் முடியும். தேவயானி நடித்த 'கோலங்கள்' 2003 முதல் 2009 வரை 1,533 பகுதிகள் நடந்தது. அபி என்னும் அப்பாத்திரம் தனித்து நின்று தொழில் நடத்தும் பெண்ணாகத் தொடங்கியபோது அஃது ஒரு புதுமையே. ஆயிரம் பகுதிகளுக்கு அப்பால் அவள் ஒரு பகைவனின் சூழ்ச்சியிலிருந்து அடுத்த சூழ்ச்சிக்குத் தப்பும் ஒருத்தியாக மட்டுமே எஞ்சினாள். முற்றிய கதிரை அறுக்காது விட்டால் மழையிலே சாய்ந்து வயலிலேயே முளைவிடும். பின் அது விதைக்கும் ஆகாது, சோற்றுக்கும் ஆகாது.

அதே இயக்குநர் திருச்செல்வம் 2022 பெப்ரவரியில் தொடங்கிய 'எதிர்நீச்சல்' இக்குறையை இன்னும் கூர்மையாகக் காட்டுகின்றது. மதுரையிலே ஆதி குணசேகரன் என்னும் மூத்தோன் ஆளும் வீடு. ஈசுவரி, ரேணுகா, நந்தினி, சனனி என்னும் நான்கு மருமக்கள். ஆற்றலிருந்தும் அடுக்களைக்குள் அடைக்கப்பட்ட அவர்கள், ஒருவர் கையை ஒருவர் பற்றி எழுவதே கதையின் வித்து. மாமியாரும் மருமகளும் மோதும் பழைய பூசலை விடுத்து, ஓரகத்திகள் ஒன்றுசேர்வதை மையமாக்கியது உண்மையிலேயே பாராட்டத்தக்கது. நல்ல முகம், நல்ல பிரதிமுகம். ஆனால் நிகழ்ந்தது யாது? குணசேகரனாக நடித்த கோ. மாரிமுத்து அத்துணைச் சிறப்பாக நடித்தார். அவர் அதட்டுவதைக் கேட்பதற்கென்றே மக்கள் அமர்ந்தனர். ஒடுக்குவோனின் பேச்சைச் சிறுவர் வகுப்பிலே பேசிக்காட்டி மகிழ்ந்தனர். அஃது அந்நடிகரின் குற்றமன்று. கதை எழுச்சியைத் தள்ளித் தள்ளிப் போட்டமையால், நாள்தோறும் நிகழ்ந்தது ஒடுக்குமுறை ஒன்றே. நாள்தோறும் நிகழ்வது எதுவோ அதுவே சுவையாகிவிடும். அப்பத்தாவின் 40 விழுக்காட்டுப் பங்கு யாருக்கு என்னும் வினா எத்தனை திங்கள் இழுபட்டது என்பதைப் பார்த்தோர் அறிவர். 2023 செத்தெம்பர் 8ஆந் திகதி மாரிமுத்து மறைந்தார். அப்பாத்திரத்தை எழுத்தாளர் வேல ராமமூர்த்தி ஏற்றார். 2024 யூனில் தொடர் விரைந்து முடிக்கப்பட்டது. அவ்வாண்டு திசெம்பரிலே 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்னும் பெயரோடு மீண்டும் தொடங்கியது. வென்ற பெண்கள் மறுபடியும் அதே வீட்டிலே, அதே குரலின் கீழ்! களவெட்டிக்குக் கொண்டுசென்ற கதிரைத் திரும்ப வயலில் நட்டாற் போன்றது இது.

மற்றைய நுனி மண்ணைப் பற்றியது. இது பிற ஊர்த் திறனாய்வாளர் எழுதாததாதலின் சற்று விரித்துக் கூறுவேன்.

தமிழ்த் தொடர்நாடகத்தின் அடித்தளம் ஒரு வீடு. அது கணவனின் வீடு. மணமகள் அதன் வாயிற்படியிலே கால்வைக்கும்போது கதை முளைக்கின்றது. வந்தவள், இருந்தவள், உரிமை, சாவிக்கொத்து, அடுக்களை என்றவாறு எல்லாப் பூசலும் அந்த ஒரு நிலைமையிலிருந்தே கிளைக்கின்றன. மட்டக்களப்பிலோ வாழ்வின் அமைப்பு வேறு. இங்கே குடி தாய்வழியாக வருவது. மகளுக்கு வீடு சீதனம். மணமுடித்த கணவன் மனைவியின் வீட்டுக்கு வருகிறான். அக்கரைப்பற்றிலே நெடுங்காலம் கள ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008இல் வெளிவந்த தமது நூலில் இவ்வமைப்பை விரித்து எழுதியுள்ளார். நமக்கு அதனை அறிய நூல் வேண்டியதில்லை. ஒழுங்கையிலே நடந்தாற் போதும். தாய் ஒரு வீட்டில், மூத்தமகள் அடுத்த வளவில், இளையமகள் அதற்கடுத்த வளவில். இவ்வூரில் புதியவன் மருமகனே. அவன் மாமியார் முன்னிலையிற் காக்கும் அடக்கம், தன் தாய்க்கும் மனைவியின் தாய்க்கும் நடுவே படும் இடர், சகோதரியருக்கு வீடு கட்டி முடிக்கும்வரை தன் திருமணத்தைத் தள்ளிவைக்கும் தமையனின் நரைத்த தலை, இவை யாவும் நாடகத்துக்கு உரிய வித்துகள். இவற்றுள் ஒன்றும் திரையில் வருவதில்லை.

வராமை மட்டுமாயின் வருந்துவதோடு விட்டுவிடலாம். உயர்தர வகுப்பு மாணவியர்க்குக் குடும்பப் பூசல் ஒன்றை உரையாடலாக எழுதுமாறு ஒருமுறை பணித்தேன். பெரும்பாலோர் எழுதியவற்றில் மருமகள் மாமியார் வீட்டுக்கு வருகிறாள். ஒருத்தி எழுதியதிலே வாயிலில் வைத்த அரிசிக் கலத்தைக் காலால் உருட்டிவிட்டு உள்ளே நுழைகிறாள். இந்தித் தொடர்களின் தமிழ்ப் பெயர்ப்பு வழியாக வந்த அவ்வழக்கம் படுவான்கரையின் எந்த ஊரிலும் இல்லை. அதை எழுதிய பிள்ளை பிறந்தது முதல் தன் தாயின் தாய் வீட்டிலேயே வளர்பவள். அவ்வுரையாடல்களில் 'மனே' என்று விளிக்கும் தாய் ஒருத்தியும் இல்லை. 'என்னகா' என்று வினவும் அயலாள் ஒருத்தியும் இல்லை. தன் வீட்டை அறிந்திருந்தும், நாடகம் என்றவுடன் பிறர் வீட்டை எழுதத் தோன்றுகின்றது. நம்முடையது கதைக்குத் தகுதியற்றது என்னும் எண்ணம் சொல்லாமலே ஊறிவிட்டது. எனக்கு அச்சம் தருவது இதுவே. தொடர் பார்ப்பதால் படிப்புக் கெடுகின்றது என்னும் வழமையான முறைப்பாடன்று.

வெளியூர் வித்து வேண்டா என்பது என் கருத்தன்று. கர்ணன் அத்தினாபுரத்தான், கண்ணகி பூம்புகாராள். செகசிற்பியாரின் பாத்திரங்களுக்கு விபுலாநந்தர் தமிழ்ப்பெயர் சூட்டினார். வித்து எங்கிருந்தும் வரலாம். உழவு நம்முடையதாதல் வேண்டும். 2020 முதல் 2025 வரை ஒளிபரப்பான 'பாக்கியலட்சுமி' 2019இல் வந்த வங்காளத் தொடராகிய 'சிறீமொயி'யின் வழிவந்தது. அதே கதை இந்தி, தெலுங்கு, மலையாளம், மராத்தி முதலிய மொழிகளிலும் நடந்தது. அதிகம் கல்லாத இல்லாள், அவளை மதியாத கணவன், அவனுக்குப் பழைய காதலி ஒருத்தி. பாக்கியா தன் சமையற் கைவன்மையைத் தொழிலாக்கி நிமிரும் பகுதிகளை நம் ஊர்த் தாய்மார் நெஞ்சு நிறையப் பார்த்தனர், அதில் வியப்பில்லை. ஆயினும் மணவிலக்குப் பெற்ற பின்னரும் கணவன் அதே கூரையின்கீழ் வந்து தங்குதல் போன்ற திருப்பங்கள் எம்மண்ணிலும் விளைந்தவையல்ல. பகுதிகளின் எண்ணிக்கை விளைத்தவை. எந்த ஊருக்கும் பொருந்துமாறு ஆக்கப்பட்ட கதை எந்த ஊரின் வெயிலையும் மழையையும் அறியாது.

இவ்விரு நுனிகளும் ஒருங்கே அமைந்த தொடர் ஒன்றையேனும் காட்ட வேண்டாமோ எனின், காட்டலாம். 2023 சனவரியில் இணையவழி வெளிவந்த 'அயலி', முத்துக்குமார் இயக்கியது, எட்டே பகுதிகள். வீரப்பண்ணை என்னும் ஊர்; காலம் 1990ஐ ஒட்டியது. பூப்படைந்த பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தி மணமுடித்து வைப்பது அவ்வூர்த் தெய்வத்தின் பெயரால் நடக்கும் கட்டுப்பாடு. மருத்துவராக விரும்பும் தமிழ்ச்செல்வி, தான் பூப்படைந்ததையே மறைத்துவிடுகிறாள். எளிய வித்து, ஆனால் அந்த ஊர் மண்ணில் அன்றி வேறெங்கும் முளைக்காத வித்து. தாய் குருவம்மாள் முதலில் அஞ்சுகிறாள். பின் மகளின் மறைவுக்குத் துணையாகிறாள். அந்த மாற்றத்தை அனுமோள் நடித்த விதத்திலே சொற்கள் குறைவு. ஒரு தாயின் உடலே பேசுகின்றது. நகைச்சுவையும் அச்சமும் ஒரே காட்சியிற் கலந்து வருவது நம் கூத்துப் பார்த்தோர்க்குப் பழகிய கலவை. குறையும் உண்டு: இறுதிப் பகுதிகளிலே பாத்திரங்கள் வாழ்வதை விடுத்துச் சொற்பொழிவாற்றத் தொடங்கிவிடுகின்றன, ஊரின் ஆடவருட் சிலர் கேலிச்சித்திரங்களாகச் சுருங்குகின்றனர். ஆயினும் கதிர் முற்றியது, அறுக்கப்பட்டது, உண்டோம். என் மாணவியர் சிலர் அதனைக் கைப்பேசியிலே பார்த்துவிட்டு வந்து, குருவம்மாள் செய்தது சரியோ தவறோ என்று ஒரு பாடவேளை முழுதும் வாதிட்டனர். முடிவுற்ற கதையைப் பற்றியே வாதிட இயலும். முடியாத தொடரைப் பற்றி 'நாளைக்கு என்ன நடக்கும்' என்பதற்கு மேல் எவராலும் பேச இயலாது.

நம் நாட்டிலே ரூபவாகினி 1982 பெப்ரவரி 15ஆந் திகதி தொடங்கியது. சிங்கள மொழியிலே அதன்வழி தொலைக்காட்சி நாடகம் தனக்கென ஒரு மரபை ஈட்டிக்கொண்டது. தமிழில் அத்தகைய தொடர்ச்சி ஏற்படவில்லை. போர்க்காலம் ஒரு காரணம், சென்னைத் தொடர்கள் எளிதிற் கிடைத்தமை மற்றொரு காரணம். இன்று 'நாடகமும் அரங்கியலும்' பாடசாலைகளிலே ஒரு பாடம். கூத்தின் ஆட்டக்கோலங்களை அதில் கற்கும் மாணவர், வீட்டுக்குச் சென்றதும் பார்ப்பது எதுவோ அதனை அப்பாடம் தீண்டுவதில்லை. ஐவகைச் சந்தியை விளக்கும்போது யான் ஒரு சிறு பயிற்சி கொடுப்பதுண்டு: வீட்டில் பார்க்கும் ஒரு தொடரை ஐந்தாகப் பகுக்க என்பேன். மூன்று நிரல்களை விரைவாக நிரப்புவர், நான்காவதில் தயங்குவர், ஐந்தாவது வெறுமையாகவே வரும். பின்பு அதே ஐந்து நிரல்களில் தம் ஒழுங்கையின் கதை ஒன்றை எழுதுக என்பேன். சென்ற தவணையில் ஒருத்தி எழுதியது இது. தமையன் கட்டாரிலிருந்து அனுப்பிய பணத்தில் இரண்டு தங்கையருக்கு ஒரே வளவில் வீடுகள் எழுகின்றன; மூத்தவளுடையது கூரையேறிவிட்டது, இளையவளுடையது சுவரோடு நிற்கின்றது; தமையன் வேலை இழந்து திரும்புகிறான்; தாய் உறுதி எழுத நொத்தாரிசிடம் போகும் நாள் குறிக்கப்படுகின்றது. ஐந்தாம் நிரலில் அவள் மூன்றே வரி எழுதியிருந்தாள். கூரையில்லாத வீட்டைத் தமையன் பேரில் எழுதும்படி இளையவளே கேட்கிறாள். தாய் இதுவரை இக்குடியில் ஆணுக்கு வீடு எழுதியதில்லை என்கிறாள். நொத்தாரிசு பேனையை மூடாமல் காத்திருக்கிறார்.